ஆடையில் சிக்கனமும் அறமும்

உணவுக்கு அடுத்தபடியாக மனிதனுக்கு வேண்டுவது உடை. அவ்வுடை இன்று போல மலிவாக வேறு எக்காலத்திலும் கிடைத்ததில்லை. ஆண்டுக்கு ஒரு முறை, தீபாவளிக்கோ பொங்கலுக்கோ, ஒரே தானிலிருந்து துணி கிழித்து வீட்டிலுள்ள பிள்ளைகள் அனைவருக்கும் சட்டை தைத்துப் போட்ட காலத்தை நம்மில் மூத்தவர்கள் நன்கு அறிவர். புதுத்துணி அந்நாளில் அரிதாக வரும் விருந்தாளி. இன்றோ, குடும்பத்தோடு ஒரு வேளை உணவு விடுதியில் உண்ணும் செலவில் இரண்டு மூன்று சட்டைகள் வாங்கிவிடலாம். இது ஒரு வகையில் நன்மையே. ஏழை வீட்டுப் பிள்ளையும் கிழியாத உடை உடுத்திப் பள்ளிக்குச் செல்ல முடிகிறது என்றால், அந்த மலிவை இகழ்வதற்கு எவருக்கும் உரிமை இல்லை.

எனினும், ஒரு பொருளின் விலை குறையும்பொழுது, அது ஏன் குறைந்தது என்று கேட்பது அறிவுடைமை. இயந்திரத்தின் திறமையாலும் தொழிலின் தேர்ச்சியாலும் விலை குறைந்தால், அதனால் எல்லோரும் மகிழலாம். தைத்தவருடைய கூலியைக் குறைத்தும், ஆற்று நீரை அழுக்காக்கியும், தொழிற்கூடத்தின் பாதுகாப்பைப் புறக்கணித்தும் விலை குறைந்திருந்தால், நாம் கொடுக்க வேண்டிய பணத்தைப் பிறர் கொடுத்திருக்கிறார்கள் என்பதே அதன் பொருள். அளவான வருவாயுள்ள குடும்பம் ஒன்று, இத்தகைய மலிவை விலக்கி, கடன்படாமல், மானமாக உடுத்து வாழ இயலுமா? இதனையே இன்று நாம் ஆராய எண்ணுகிறோம். இயலும் என்பதே நம் கருத்து.

தமிழ்நாட்டுக்கு வெளியே வாழும் நமக்கு இந்தக் கேள்வி சற்று அழுத்தமாகவே எழுகின்றது. மாதச் சம்பளத்தில் வீட்டு வாடகை ஒரு பெரும்பகுதியைக் கொண்டு போகும். பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம், ஊரிலுள்ள பெற்றோர்க்கு அனுப்பும் பணம், ஆண்டுக்கொரு முறை ஊருக்குச் சென்று வரும் ரயில் செலவு ஆகியவற்றை எடுத்து வைத்தபின் மிஞ்சுவது சிறிதே. அந்தச் சிறிதைக் குறி வைத்தாற்போல் நகரமெங்கும் மலிவுத் துணிக்கடைகள் நிற்கின்றன. தில்லியிலே சரோஜினி நகர், காந்தி நகர். மும்பையிலே ஃபேஷன் ஸ்ட்ரீட். கொல்கத்தாவிலே கரியாஹாட்டின் நடைபாதைக் கடைகள். இவை போதா என்று, கைப்பேசியைத் திறந்தால் வீட்டு வாசலுக்கே துணி வந்து சேர்கின்றது. வாரத்துக்கொரு புது மாதிரி, மாதத்துக்கொரு தள்ளுபடி.

இவற்றோடு மற்றொரு காரணமும் உண்டு. ஊரில் இருந்தால், இன்னார் மகன், இன்னார் மருமகள் என்று நம்மை அறிந்தவர் பலர் இருப்பர். வெளியூரில் அந்த அறிமுகம் இல்லை. ஆள் பாதி, ஆடை பாதி என்ற பழமொழி அங்கே இருமடங்கு உண்மையாகிவிடுகிறது. அலுவலகத்தில் நம்மைத் தாழ்வாக எண்ணிவிடக் கூடாதே என்ற கவலை ஒருபுறம். ஊருக்குப் போகும்பொழுது அண்ணன் பிள்ளைக்கும் அத்தை மகளுக்கும் வெறுங்கையோடு போகலாகாதே என்ற கவலை மற்றொருபுறம். பெட்டி நிறைய மலிவுச் சட்டைகளை வாங்கி அடைத்துக்கொண்டு போகும் வழக்கம் இக்கவலையிலிருந்து பிறந்ததுதான். இதனைக் குற்றமென்று சொல்ல நாம் முன்வரவில்லை. பாசத்தினாலும் மானத்தினாலும் செய்யப்படுவது அது. ஆனால், அந்தச் சட்டைகள் எங்கிருந்து வருகின்றன என்று அறிந்துகொள்வது நம் கடமை.

2013ஆம் ஆண்டு ஏப்ரல் 24ஆம் நாள், வங்கதேசத்தின் தலைநகராகிய டாக்காவை அடுத்த சாவார் என்னும் இடத்தில், ராணா பிளாசா என்ற எட்டு மாடிக் கட்டடம் இடிந்து விழுந்தது. 1,134 பேர் மாண்டனர். ஏறத்தாழ 2,500 பேர் காயமுற்றனர். முதல் நாளே சுவர்களில் வெடிப்புக் கண்டிருந்தது. கீழ்த்தளங்களில் இருந்த வங்கியும் கடைகளும் உடனே மூடப்பட்டன. மேல்தளங்களில் ஆடை தைத்தவர்கள் மட்டும் மறுநாள் காலை வேலைக்கு வருமாறு பணிக்கப்பட்டனர். வங்கி ஊழியரின் உயிருக்குக் கிடைத்த மதிப்பு, தையற்காரப் பெண்ணின் உயிருக்குக் கிடைக்கவில்லை. அவர்கள் தைத்தவை மேல்நாட்டுக் கடைகளுக்குப் போகும் ஆடைகள். குறைந்த விலையில், குறித்த நாளில், சரக்கு போய்ச் சேர வேண்டும் என்ற நெருக்கடியின் முன் சுவரின் வெடிப்பு பொருட்டாகத் தோன்றவில்லை.

இது பக்கத்து நாட்டுச் செய்தி என்று நாம் ஒதுங்கிவிட முடியாது. நம் திருப்பூரைப் பார்ப்போம். பனியன் தொழிலால் உலகப் புகழ் பெற்ற ஊர் அது. வெள்ளியங்கிரி மலைப் பகுதியில் தோன்றும் நொய்யல் ஆறு, கோயம்புத்தூரைக் கடந்து, திருப்பூரின் நடுவே ஓடி, பின்னர்க் காவிரியில் கலக்கின்றது. திருப்பூருக்குக் கீழே, பாசனத்துக்காக ஒரத்துப்பாளையத்தில் ஓர் அணை கட்டப்பெற்று, 1992இல் பயன்பாட்டுக்கு வந்தது. சில ஆண்டுகளுக்குள்ளாகவே அந்த அணை, சாயப்பட்டறைகளின் கழிவு நீர் தேங்கும் குட்டையாக மாறியது. உழவுக்கென்று கட்டிய அணையைத் திறந்துவிட வேண்டாம் என்று உழவர்களே வேண்டிக்கொள்ளும் நிலை வந்தது. நிலம் உப்பேறியது. கிணற்று நீர் கெட்டது. உழவர்கள் நீதிமன்றம் சென்றனர். கழிவு நீரை முற்றும் தூய்மை செய்யாத சாயப்பட்டறைகளை மூடுமாறு 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. அதன் பிறகு, நீரை வெளியே விடாமல் சுத்திகரித்து மீண்டும் பயன்படுத்தும் நிலையங்கள் அங்கே இயங்கத் தொடங்கின. அவற்றுக்கு ஆகும் செலவு சிறிதன்று. அந்தச் செலவைச் செய்பவரும், செய்யாமல் ஒளித்துச் சாக்கடையில் விடுபவரும் ஒரே கடையில் துணி விற்றால், எவருடைய துணி மலிவாக இருக்கும் என்று சொல்லவும் வேண்டுமா?

நூற்பாலைகளின் கதையும் உண்டு. மேற்கு மாவட்டங்களில் ‘சுமங்கலித் திட்டம்’ என்ற மங்கலமான பெயரில் ஒரு முறை வழங்கி வந்தது. ஏழை வீட்டு இளம்பெண்களை மூன்றாண்டு ஒப்பந்தத்தில் ஆலை விடுதியில் தங்க வைத்து வேலை வாங்குவர். காலம் முடிந்தபின், திருமணத்துக்கு உதவும்படி மொத்தத் தொகை தருவதாகச் சொல்வர். வெளியே செல்லவும் வீட்டாரோடு பேசவும் கட்டுப்பாடு. உடல் நலிந்து இடையிலே வேலையை விட்ட பெண்கள் பலர், வாக்களித்த தொகையை இழந்து வீடு திரும்பினர். மகளின் கழுத்தில் தாலி ஏற வேண்டும் என்ற தாயின் ஆசையை முதலாக வைத்து நடந்த வணிகம் அது. நூல் விலை குறைந்ததற்கு இதுவும் ஒரு காரணமானால், அந்த நூலால் ஆன துணியை மலிவு என்று மெச்ச நம் மனம் ஒப்புமா?

இன்று திருப்பூரில் தைப்பவர்கள் தமிழர் மட்டும் அல்லர். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்த பல்லாயிரவர் அங்கே உழைக்கின்றனர். நாம் பிழைப்பை நாடி அவர்கள் பக்கம் வந்தோம். அவர்கள் பிழைப்பை நாடி நம் ஊர்ப்பக்கம் சென்றிருக்கின்றனர். மொழி தெரியாத ஊரில் வாடகை வீடு தேடும் துன்பம், பண்டிகை நாளில் ஊர் நினைவு வரும் ஏக்கம், இடைத்தரகரை நம்ப வேண்டிய நிலை ஆகியவை நமக்குப் புதியன அல்ல. ஆதலால், அந்தத் தொழிலாளியின் கூலியைப் பற்றிக் கவலைப்பட நம்மைவிடத் தகுதியுடையவர் யார்?

இங்கே சிலர் ஒரு வழி சொல்வர்: “மலிவான துணியை விட்டு, விலையுயர்ந்த பெயர்பெற்ற துணியை வாங்கினால் போயிற்று.” இது சரியான வழி அன்று. ராணா பிளாசாவில் தைக்கப்பட்ட ஆடைகளுள் பெயர்பெற்ற நிறுவனங்களின் ஆடைகளும் இருந்தன. விலைச்சீட்டில் உள்ள தொகையில் தைத்தவர் கைக்குப் போவது மிகச் சிறு பங்கே. மிகுதி, விளம்பரத்துக்கும் கடை வாடகைக்கும் வணிகரின் ஊதியத்துக்கும் போய்விடும். ஆகவே, அதிக விலை கொடுத்ததனாலேயே அறம் செய்தோம் என்று மனநிறைவு கொள்ள வழியில்லை.

வேறு சிலர், “அவ்வூர்த் துணியே வேண்டாம் என்று எல்லோரும் ஒதுக்கிவிட வேண்டும்” என்பர். அதுவும் ஆய்ந்து செய்ய வேண்டுவதே. ஆலை மூடினால் முதலில் பட்டினி கிடப்பவர் தொழிலாளரே. அவர்கள் விரும்புவது நல்ல கூலியும் பாதுகாப்பும் உள்ள வேலையையே. 2013இல் நேர்ந்த அந்தப் பேரிடருக்குப் பின் உலகெங்கும் எழுந்த குரலால், தீ விபத்துத் தடுப்புக்கும் கட்டடப் பாதுகாப்புக்கும் சட்டப்படி கட்டுப்படுத்தும் உடன்பாடு ஒன்று, தொழிற்சங்கங்களுக்கும் ஆடை நிறுவனங்களுக்கும் இடையே அந்த ஆண்டிலேயே ஏற்பட்டது. தமிழ்நாட்டிலும், 2021இல் இளம் பெண் தொழிலாளி ஒருவர் கொலையுண்ட துயரத்துக்குப் பின், பணியிடத்தில் பெண்களைத் துன்புறுத்தலினின்றும் காக்கும் பொருட்டு, 2022இல் திண்டுக்கல் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. பெங்களூரில் 2016 ஏப்ரலில், வருங்கால வைப்பு நிதி விதியை மாற்றியதை எதிர்த்து ஆயிரக்கணக்கான ஆடைத் தொழிலாளப் பெண்கள் தெருவுக்கு வந்தனர். அரசு அந்த மாற்றத்தைத் திரும்பப் பெற்றது. தொழிலாளர் ஒன்றுபட்டுக் கேட்பதும், வாங்குவோர் அவர்களுக்குத் துணையாகக் கேட்பதும் வீண்போவதில்லை என்பதை இவை காட்டுகின்றன. கடைக்காரரிடம், “இது எங்கே தைத்தது? யார் தைத்தது?” என்று கேட்பதற்குப் பணம் செலவாவதில்லை. பத்துப் பேர் கேட்டால் கடைக்காரர் தம் மொத்த வியாபாரியைக் கேட்பார்.

இவ்வளவும் கேட்டபின், இல்லத்தை நடத்தும் பெண்மணி ஒருவர், “எல்லாம் சரி, எங்கள் வருவாய்க்கு நல்ல துணி கட்டுப்படி ஆக வேண்டாமா?” என்று வினவக் கூடும். மிக நியாயமான கேள்வி. இதே கேள்வியை நம் தமிழ் மக்கள் ஒரு நூற்றாண்டுக்கு முன் காந்தியடிகளிடம் கேட்டிருக்கிறார்கள். 1921 செப்டம்பரில் அவர் சென்னையிலிருந்து மதுரைக்கு ரயிலில் சென்றுகொண்டிருந்தார். உடன் பயணம் செய்தவர்கள் அந்நியத் துணி அணிந்திருப்பதைக் கண்டு, கதர் உடுத்தலாகாதா என்று கேட்டார். நாங்கள் ஏழைகள், கதர் விலை எங்களுக்கு எட்டாது என்று அவர்கள் விடை கூறினர். அந்த விடையில் இருந்த உண்மை அவரை உறுத்தியது. செப்டம்பர் 22ஆம் நாள் மதுரையில் அவர் தம் மேலாடைகளைத் துறந்து, முழத்துண்டு மட்டும் உடுத்தத் தொடங்கினார்.

இந்த வரலாற்றை நாம் தியாகத்தின் கதையாகவே பெரும்பாலும் படிக்கிறோம். அதனுள் ஒரு சிக்கனப் பாடமும் இருக்கின்றது. நேர்மையான துணி விலை மிகுந்தது என்றால், குறைக்க வேண்டியது துணியின் அளவையே, நேர்மையை அன்று. காந்தியடிகளைப் போல் முழத்துண்டோடு நிற்கும்படி நம்மை யாரும் கேட்கவில்லை. அலமாரியில் பத்துச் சட்டை இருக்கும் இடத்தில் ஐந்து போதும் என்று முடிவு செய்தாலே, நம் வரவுக்குள் பெரும் மாறுதல் நிகழும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 300 ரூபாய்க்கு ஒரு சட்டை வாங்குகிறோம். பத்துச் சலவையில் அது நிறம் மங்கி, தோள்தையல் விட்டு, வெளியே அணியத் தகாததாகிவிடுகிறது என்று கொள்வோம். ஒரு முறை அணிய 30 ரூபாய் ஆகின்றது. மற்றொரு சட்டை 900 ரூபாய். வாரம் ஒரு முறை வீதம் ஈராண்டு உழைக்கின்றது. நூறு முறைக்கு மேல் அணிந்தாயிற்று. ஒரு முறைக்கு ஒன்பது ரூபாய்க்கும் குறைவே. மலிவு என்று நாம் எண்ணியதுதான் மும்மடங்குக்கு மேல் விலையுள்ளது என்று தெரிகிறதல்லவா?

நால்வர் உள்ள குடும்பம் ஒன்று ஆண்டுக்குத் துணிக்கென 12,000 ரூபாய் ஒதுக்குவதாகக் கொள்வோம். மலிவுக் கடையில் அதற்கு நாற்பது உருப்படி கிடைக்கும். வேறு விதமாகச் செலவு செய்து பார்ப்போம். குடும்பத் தலைவருக்கு 900 ரூபாயில் இரண்டு சட்டை, 1,200 ரூபாயில் ஒரு கால்சட்டை, ஆக 3,000. தலைவிக்கு 1,300 ரூபாயில் இரண்டு பருத்திக் கைத்தறிச் சேலை, ரவிக்கைக்கு 600, ஆக 3,200. பிள்ளைகள் இருவருக்கும், ஆளுக்கு 600 ரூபாயில் மூன்று உடை, ஆக 3,600. கூட்டினால் 9,800. மீதி 2,200 ரூபாயில், உள்ளாடைக்கும் துண்டுக்கும் பழுது பார்ப்பதற்கும் 1,500 ஒதுக்கினாலும், 700 ரூபாய் குளிர்கால ஆடைக்கு மிஞ்சும். விலைகள் ஊருக்கு ஊர் மாறும்; இது கணக்கின் போக்கைக் காட்டும் எடுத்துக்காட்டே. உருப்படிகள் குறைந்தன. குடும்பம் குறைந்ததாகத் தோன்றாது.

நல்ல துணியைத் தேர்ந்தெடுப்பது ஒரு கலை. நம் பாட்டிமார் அதில் வல்லவர்கள். துணியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து இழை நெருக்கம் பார்ப்பர். உள்ளே திருப்பித் தையல் நெருக்கமாக உள்ளதா, ஓரத்தில் பிரித்துவிடத் துணி இருக்கிறதா என்று நோக்குவர். கையில் கசக்கி விடுவர். ஈர விரலால் தேய்த்துச் சாயம் ஒட்டுகிறதா என்று பார்ப்பர். இந்தச் சோதனைகள் இன்றும் செல்லும். பாலியஸ்டர் கலந்ததா என்றும் பார்த்தல் நலம். அது பெட்ரோலியத்திலிருந்து எடுக்கப்படுவது. சுருங்காது, விரைவில் உலரும் என்ற வசதிகள் அதற்கு உண்டு. ஆனால் வெயில் காலத்தில் உடலுக்கு ஒத்துவராது. துவைக்கும்தோறும் நுண்ணிய இழைகள் நீரில் கலக்கும். எறிந்தால் எளிதில் மக்காது. பருத்தியும் செலவின்றி விளைவதன்று. ஒரு பனியன் சட்டைக்கு வேண்டிய பருத்தியை விளைவித்து ஆடையாக்க ஏறத்தாழ 2,700 லிட்டர் நீர் ஆகும் என்று மதிப்பிட்டுள்ளனர். எந்த இழையானாலும் நீண்ட நாள் உடுப்பதே அதற்கு நாம் செய்யும் மரியாதை.

துணியை எங்கே வாங்குவது? கைத்தறிக் கூட்டுறவு நமக்கு அண்மையிலேயே இருக்கின்றது. 1935இல் தொடங்கப்பெற்ற கோ-ஆப்டெக்ஸ் நிறுவனத்துக்குத் தமிழ்நாட்டுக்கு வெளியே பெருநகரங்களிலும் விற்பனை நிலையங்கள் உள்ளன. பட்டு வாங்கத்தான் அங்கே போக வேண்டும் என்பதில்லை. துண்டு, வேட்டி, லுங்கி, சென்னிமலைப் போர்வை, பருத்திச் சேலை ஆகியவை நம் கைக்கு எட்டும் விலையிலேயே கிடைக்கும். தீபாவளியையொட்டி வரும் தள்ளுபடிக் காலத்தில் ஆண்டுத் தேவையை வாங்கி வைத்துக்கொள்ளலாம். நாம் வாழும் மாநிலத்தின் கைத்தறியையும் நாம் ஆதரிக்க வேண்டும். வங்காளத்தின் தனியாகாளி, சாந்திபூர்ச் சேலைகள், ஆந்திரத்தின் மங்களகிரித் துணி, கேரளத்தின் பாலராமபுரம் வேட்டி, ஒடிசாவின் சம்பல்பூர்த் துணி இவையெல்லாம் நம் சகோதர நெசவாளரின் கைவண்ணம். 2019-20ஆம் ஆண்டுக் கைத்தறிக் கணக்கெடுப்பின்படி, நாட்டில் 35 இலட்சத்துக்கு மேற்பட்டோர் கைத்தறியையும் அதன் துணைத் தொழில்களையும் நம்பி உள்ளனர். அவர்களுள் பெரும்பகுதியினர் பெண்கள். விசைத்தறித் துணியைக் கைத்தறி என்று சொல்லி விற்பாரும் உண்டு. ஆதலின், 2006இல் நடைமுறைக்கு வந்த கைத்தறி முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும்.

1905 ஆகஸ்ட் 7ஆம் நாள் கொல்கத்தாவில் சுதேசி இயக்கம் தொடங்கியது. அதன் நினைவாக 2015 முதல் ஆகஸ்ட் 7 தேசியக் கைத்தறி நாளாகக் கொண்டாடப்படுகின்றது. முதல் விழா சென்னையிலே நடந்தது. வள்ளுவப் பெருந்தகை நெசவு செய்து வாழ்ந்தார் என்று செவிவழிக் கதை கூறும் நாட்டில், தறிக்குரிய மதிப்பை நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்து, தெருமுனைத் தையற்காரரை நாம் மறந்துவிடலாகாது. துணி எடுத்துத் தைத்துக்கொண்டால், கூலி எவ்வளவு, அது யார் கையில் சேர்கிறது என்பது நமக்கு நேரே தெரியும். அளவுக்குத் தைத்த ஆடை உடம்போடு பொருந்தும். பொருந்திய ஆடையை நாம் விரைவில் வெறுப்பதில்லை. வளரும் பிள்ளைகளின் உடைக்கு மடிப்பு விட்டுத் தைக்கச் சொன்னால், இரண்டாம் ஆண்டு பிரித்துவிட்டு நீளமாக்கிக்கொள்ளலாம். இந்தப் பழைய வழக்கத்தில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. சேலையும் வேட்டியும் தையலே இல்லாதவை. உடம்பு பருத்தாலும் இளைத்தாலும் பயன்படுபவை. தாய் உடுத்த சேலையை மகள் உடுத்தலாம். மங்கியபின் தாவணியாகும், தலையணை உறையாகும், கடைசியில் குழந்தைக்குத் தொட்டிலாகும்.

பழந்துணியைப் பேணுவதில் நாம் வாழும் மாநிலங்களும் நமக்கு ஆசிரியர்களாக உள்ளன. வங்காளப் பெண்கள் பழஞ்சேலைகளை அடுக்கி இழையோட்டிக் காந்தா தைப்பர். மராட்டியத்தில் அதுவே கோதடி என்ற மெத்தென்ற போர்வையாகும். தில்லியின் குளிருக்கு நல்ல கம்பளி ஆடை இன்றியமையாதது. அதிலே குறைந்த விலையை நாடுவது உடம்பைக் கெடுக்கும். ஆண்டுக்கொரு மலிவு ஸ்வெட்டர் வாங்குவதினும், ஒன்றை நன்றாக வாங்கி, வேப்பிலையோ நாப்தலின் உருண்டையோ இட்டு வைத்துப் பல ஆண்டு உடுப்பது இலாபம். கையால் பின்னியதானால், சிறுத்தபின் பிரித்துப் பெரிதாகப் பின்னிக்கொள்ளலாம். வட நாட்டுப் பெண்மணிகள் இதில் கைதேர்ந்தவர்கள். கேட்டால் மகிழ்ச்சியோடு கற்றுத் தருவார்கள். பழந்துணிக்கு ஈடாகப் பாத்திரம் கொடுக்கும் பெண்கள் தில்லித் தெருக்களில் வருவர். அவர்கள் சேகரித்த துணி, ரகுபீர் நகர்ச் சந்தையில் கைமாறி மீண்டும் உடையாகின்றது. தில்லிக்கு வடக்கே ஏறத்தாழ 90 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பானிப்பட்டில், பழைய கம்பளித் துணிகளைக் கிழித்து நூலாக்கிப் போர்வை நெய்கின்றனர். நாம் எறிந்துவிட்டதாக எண்ணும் துணி எங்கும் மறைந்து போவதில்லை. யாரோ ஒருவர் அதைக் கையால் தரம் பிரிக்கின்றார். அந்தத் தூசியை மூச்சில் ஏற்கின்றார். துணி வாங்கும் எண்ணிக்கையைக் குறைத்தால் அவருடைய சுமையும் குறையும்.

ஊருக்குக் கொண்டு போகும் பரிசைப் பற்றியும் ஒரு சொல். பத்துப் பேருக்குப் பத்து மலிவுச் சட்டை கொடுப்பதற்குப் பதிலாக, பெரியவர் இருவருக்கு நல்ல வேட்டியும் சேலையும் கொடுத்து, பிள்ளைகளுக்கு அந்த ஊர் இனிப்பையோ புத்தகத்தையோ கொடுக்கலாம். தில்லிச் சட்டை ஆறு மாதத்தில் கந்தையாகும். பாட்டி உடுத்திய வங்காளச் சேலை, “என் பேரன் கொல்கத்தாவிலிருந்து கொண்டு வந்தது” என்று பத்தாண்டு பேசப்படும்.

இவற்றைச் சொல்லும்பொழுது ஒன்றை வலியுறுத்த விரும்புகிறோம். கையில் இருக்கும் இருநூறு ரூபாயைக் கொண்டுதான் பிள்ளைக்குச் சட்டை எடுக்க வேண்டும் என்ற நிலையில் உள்ளவரை நாம் குறை கூறவில்லை. அவரே பல வேளைகளில் அந்தக் குறைந்த கூலியைப் பெறும் தொழிலாளியாகவும் இருக்கிறார். வேறு வழியில்லாதவர் வாங்கும் ஒரு சட்டையால் தொழிலாளிக்கு வரும் கேடு சிறிது. தேவையின்றி, விலை குறைவு என்ற ஒரே காரணத்துக்காக வாங்கி, இரு முறை அணிந்து மூலையில் எறியும் பத்துச் சட்டைகளால் வரும் கேடு பெரிது. அந்தப் பத்தைப் பற்றியே நாம் பேசுகிறோம். பிறர் உடையைப் பார்த்து அவர் அறத்தை அளப்பதும் தகாது. இந்த நோன்பு ஒவ்வொரு வீட்டாரும் தம் அளவில் எடுத்துக்கொள்ள வேண்டுவது.

அடுத்த முறை ஒரு துணியைக் கையில் எடுக்கும்பொழுது நான்கு வினாக்களை எழுப்பிப் பார்ப்போம். இது நமக்கு உண்மையாகவே வேண்டுமா? ஐம்பது முறையாவது இதை உடுப்போமா? கிழிந்தால் தைத்துக்கொள்ள இடம் கொடுக்குமா? இதைச் செய்தவருக்கு உரிய கூலி போயிருக்கும் என்று நம்ப ஏதேனும் ஆதாரம் உண்டா? நான்குக்கும் நிறைவான விடை எப்போதும் கிடைக்காது. முதல் மூன்றுக்கு விடை கிடைத்தாலே செலவு குறையும். அவ்வாறு மிஞ்சும் பணத்தைக் கொண்டு, நான்காம் வினாவுக்கு விடை தரும் துணியை வாங்கலாம். சிக்கனமும் அறமும் ஒன்றுக்கொன்று பகை என்ற எண்ணம் அப்பொழுது நீங்கும். துணி உலரும் கொடியில் உருப்படிகள் சில குறையலாம். அவை எவர் கண்ணீரிலும் நனையாதவை என்ற ஆறுதல் நமக்கு உண்டு.